சென்செக்ஸ் ஏறும் நாளில் என் பங்குகள் ஏன் இறங்குகின்றன?

கேள்வி: வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் ஸ்டோரில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் கம்பம். நான்கு கம்பெனிகளின் பங்குகள் வைத்திருக்கிறேன்: ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனி, ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனி, ஒரு நூற்பாலை, நகைக்கடன் கொடுக்கும் ஒரு சிறிய நிதி நிறுவனம். தொலைக்காட்சியில் சென்செக்ஸ் 500 புள்ளி ஏறியது, 700 புள்ளி ஏறியது என்கிறார்கள். என்னுடைய நான்கும் ஒரு வருடமாக இறங்கிக்கொண்டே இருக்கின்றன. “அது பெரிய முதலாளிகள் உட்கார்ந்து எழுதுகிற நம்பர்” என்கிறார் என் மைத்துனர். போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவர், “சென்செக்ஸ் 80 ஆயிரத்தில் இருக்கிறது, நிஃப்டி 24 ஆயிரம்தான், அதனால் நிஃப்டி ஃபண்டு மலிவு” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த எண்கள் உண்மையில் எதை அளக்கின்றன? கையில் 3 லட்சம் சேமிப்பு இருக்கிறது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். முடித்ததும் நர்சிங் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தை நிஃப்டியில் போடலாமா?
— ஒரு வாசகர், இடுக்கி மாவட்டம்

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கும். மகளின் படிப்புக்கு வைத்திருக்கும் 3 லட்சத்தை நிஃப்டியில் போடாதீர்கள். சென்செக்ஸ் ஃபண்டிலும் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சென்செக்ஸ், நிஃப்டி போன்ற குறியீட்டெண் எதை அளக்கிறது, எதை அளப்பதே இல்லை என்பது தெளிந்துவிட்டால், நான் சொல்லாமலே அந்தப் பதிலை நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

நான் போடியில் இருந்து முதலீட்டு ஆலோசனைத் தொழில் செய்கிறவன். என் தந்தை ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். பங்குச் சந்தைக் குறியீட்டெண் என்றால் என்னவென்று எனக்கு முதலில் விளங்கியதே ஏலக்காய் ஏல நிலவரத்தை வைத்துத்தான். நீங்களும் அதைத் தினமும் பார்க்கிறவர் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் முடிந்ததும் வரும் விவரத்தில் வரத்து, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று நான்கு எண்கள் இருக்கும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, மலைக்கு மேலும் கீழும் எல்லோர் வாயிலும் அந்த ஒரே எண்தான் இருந்தது. ஆனால் அந்த விலை கிடைத்தது மிகச் சில மூட்டைகளுக்கு. பெரும்பாலான தோட்டக்காரர்கள் கைக்கு வந்தது சராசரி விலையை ஒட்டிய பணம். அது மிகவும் குறைவு. அன்றைக்கு உங்கள் தோட்டத்துக்கு என்ன கிடைத்தது என்று கணக்கெழுதிய உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தச் சராசரி எப்படி வருகிறது? 1,000 கிலோ 2,400 ரூபாய்க்கும் 100 கிலோ 3,000 ரூபாய்க்கும் விற்றால், இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து 2,700 என்று நீங்கள் எழுத மாட்டீர்கள். மொத்தப் பணத்தை மொத்தக் கிலோவால் வகுப்பீர்கள். 2,454 ரூபாய் சொச்சம் வரும். எடை கூடிய சரக்கு சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சென்செக்ஸும் நிஃப்டியும் இதே கணக்குதான். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸில் 30 கம்பெனிகள், தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டியில் 50. கிலோவின் இடத்தில் அங்கே கம்பெனியின் சந்தை மதிப்பு, அதாவது ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகை, நிற்கிறது.

அந்த மதிப்பையும் முழுதாக எடுப்பதில்லை. தோட்டக்காரர் விற்காமல் தன் வீட்டில் பூட்டி வைத்திருக்கும் மூட்டை ஏலச் சராசரியில் சேராது அல்லவா? அதுபோல, கம்பெனியை நடத்தும் குடும்பமோ அரசோ கையில் வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் யாரும் வாங்கி விற்கக்கூடிய பங்குகளின் மதிப்பை மட்டும் எடை போடுகிறார்கள். சென்செக்ஸ் 2003 செப்டம்பரிலும் நிஃப்டி 2009 ஜூனிலும் இந்த முறைக்கு மாறின.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மூன்றே கம்பெனிகள் உள்ள ஒரு குறியீட்டெண்ணை நாமே செய்து பார்ப்போம். முதல் கம்பெனியின் மதிப்பு 800 கோடி, இரண்டாவது 150 கோடி, மூன்றாவது 50 கோடி. மொத்தம் 1,000 கோடி. இதை இன்று 100 புள்ளி என்று வைத்துக்கொள்கிறோம். நாளைக்குப் பெரிய கம்பெனி 5 சதவீதம் ஏறி 840 கோடி ஆகிறது. மற்ற இரண்டும் 10 சதவீதம் விழுந்து 135, 45 என்று ஆகின்றன. கூட்டினால் 1,020 கோடி. புள்ளி 102. மூன்றில் இரண்டு கம்பெனிகள் அடிவாங்கிய நாளில் “சந்தை 2 சதவீதம் உயர்வு” என்றுதான் செய்தி வரும். செய்தியில் பொய் இல்லை. அந்த இரண்டு கம்பெனிகளின் பங்குகளை மட்டும் வைத்திருப்பவரின் வயிற்றெரிச்சலும் பொய் இல்லை.

நிஃப்டியில் இருக்கும் 50 கம்பெனிகளில் முதல் பத்துக்கு மட்டும் பாதிக்கு மேல் எடை இருக்கிறது. எச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ரிலையன்ஸ் ஆகியவை கொஞ்ச காலமாகவே முன்வரிசையில் இருப்பவை. வங்கி, நிதித் துறையின் எடை மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. மும்பையில் இரண்டு பெரிய வங்கிகளுக்கு நல்ல நாள் என்றால் குறியீட்டெண்ணுக்கும் நல்ல நாள். உங்கள் தேயிலைக் கம்பெனியோ நூற்பாலையோ அந்தத் தராசில் ஏறுவதே இல்லை. நீங்கள் சொல்லும் நான்குமே சிறிய கம்பெனிகள் என்று தெரிகிறது. சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் இருப்பவற்றைப் பெரியவை என்றும், 101 முதல் 250 வரை நடுத்தரம் என்றும், 251இலிருந்து சிறியவை என்றும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி வகுத்திருக்கிறது. நிஃப்டி ஸ்மால்கேப் 250 என்று தனியாக ஒரு குறியீட்டெண் உண்டு. உங்கள் பங்குகளை ஒப்பிட வேண்டியது அதோடு. ஒன்றாம் தரக் காயின் விலையை வைத்து, சல்லடையில் கீழே விழுந்த சிறு காயின் விலை சரியா தவறா என்று உங்கள் ஸ்டோரில் யாரும் தீர்மானிப்பதில்லை.

வீட்டுக்கு வந்தவர் சொன்ன மலிவுக் கணக்கு என்னை வருத்துகிறது, ஏனென்றால் அதை நம்பிப் பணம் போட்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். சென்செக்ஸ் 1986 ஜனவரியில் வெளிவரத் தொடங்கியபோது, 1978-79இல் இருந்த மதிப்பை 100 என்று வைத்துக்கொண்டார்கள். நிஃப்டி 1996 ஏப்ரலில் வந்தது. அதற்கு 1995 நவம்பர் 3ஆம் தேதி மதிப்பு 1,000 என்று வைக்கப்பட்டது. 80,000 என்றால் 1979இலிருந்து 800 மடங்கு. 24,000 என்றால் 1995இலிருந்து 24 மடங்கு. அவ்வளவே அதன் பொருள். ஒருவர் வயதை மாதத்தில் சொல்கிறார், இன்னொருவர் வருடத்தில் சொல்கிறார். எண் பெரிதாக இருப்பதால் முதலாமவர் கிழவராகிவிட மாட்டார். சென்செக்ஸின் 30 கம்பெனிகளில் ஏறக்குறைய எல்லாமே நிஃப்டியின் 50க்குள்ளும் இருக்கின்றன. அதனால்தான் இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. மலிவா விலை கூடுதலா என்று பார்க்க வேண்டுமானால், அந்தக் கம்பெனிகள் ஈட்டும் லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நிஃப்டிக்கு அந்த விகிதத்தைத் தேசியப் பங்குச் சந்தை தினமும் வெளியிடுகிறது. அவர் மறுபடி வந்தால் அந்த எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

புள்ளிக்கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெளிவந்த நேரத்தில், 1992 ஏப்ரல் 28 அன்று, சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் 4,389 புள்ளி விழுந்தது. எது பெரிய வீழ்ச்சி? 1992இல் விழுந்தது கிட்டத்தட்ட 13 சதவீதம். 2024இல் 6 சதவீதத்துக்கும் குறைவு. இன்றைய உயரத்தில் 500 புள்ளி என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. தொலைக்காட்சியில் புள்ளி ஓடினால் கண்ணை அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஓடும் சதவீதத்துக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் மைத்துனரின் சந்தேகத்தை நான் தள்ளிவிடவில்லை. பணம் புழங்கும் இடத்தில் சந்தேகம் இருப்பது நல்லது. ஆனால் குறியீட்டெண் யாரும் இரவில் உட்கார்ந்து எழுதுவதில்லை. நிஃப்டியைக் கணக்கிடுவது தேசியப் பங்குச் சந்தையின் துணை நிறுவனம். விதிகள் அச்சிட்டு வெளியிடப்பட்டவை. எந்தக் கம்பெனி உள்ளே, எது வெளியே என்பதை ஆண்டுக்கு இருமுறை பரிசீலித்து, நான்கு வாரம் முன்னதாகவே அறிவித்துவிடுகிறார்கள். பங்கு விலைகளைத் தனித்தனியாகச் சூதாட்டக்காரர்கள் ஆட்டிவைத்த வரலாறு உண்டு; சிறு கம்பெனிகளில் அது இன்றும் நடக்கிறது. கோடிக்கணக்கான பங்குகள் கைமாறும் 50 பெரிய கம்பெனிகளை ஒன்றாக அசைப்பது அப்படி எளிதில்லை.

கணக்கில் பிழை வருமா என்று கேட்டால், வந்திருக்கிறது. உங்களைப் போலக் கணக்கெழுதுகிறவர் இதை ரசிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் 1,000 என்ற புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு வியாபாரம் முடிந்ததும் கணினி புதிதாகக் கணக்கிடும். மூன்று தசம இடத்துக்கு மேல் வருவதை அருகில் உள்ள எண்ணுக்கு முழுமையாக்காமல் அப்படியே வெட்டி எறிந்துவிடும். ஒரு தடவைக்கு அது ஒன்றுமே இல்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை, ஏறத்தாழ இரண்டு வருடம் வெட்டியதில், சந்தை நன்றாக இருக்கும்போதே 1983 நவம்பரில் எண் 524க்கு வந்து நின்றது. திருத்திப் போட்டபோது சரியான எண் 1,098. ஒவ்வொரு எடையிலும் கிராமை விட்டுவிட்டுக் கிலோவை மட்டும் எழுதும் ஸ்டோரில் வருடக் கடைசியில் எத்தனை மூட்டை காணாமல் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1986இல் இருந்த சென்செக்ஸ் பட்டியல் இன்று இல்லை. குமுளி மலைப்பாதையில் நாமெல்லாம் ஏறிப் போன அம்பாசடர் காரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதில் இருந்தது. பத்மினி காரைச் செய்த பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் இருந்தது. இரண்டும் எப்போதோ வெளியேறிவிட்டன. 2009 ஜனவரியில் சத்யம் மென்பொருள் கம்பெனியின் கணக்கு மோசடி வெளிவந்ததும் இரண்டு குறியீட்டெண்களிலிருந்தும் அதை உடனே எடுத்துவிட்டு வேறு கம்பெனியை வைத்தார்கள். காய்ப்பு ஓய்ந்த தூரைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைப்பதுபோல இது ஓயாமல் நடக்கிறது. 30 வருடத்தில் குறியீட்டெண் இத்தனை மடங்கு வளர்ந்தது என்று படம் போட்டுக் காட்டும்போது, அந்த வளர்ச்சியில் இந்தப் பிடுங்கி நடுதலும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் வாங்கி வைத்த நான்கு பங்குகளை யாரும் உங்களுக்காகப் பிடுங்கி நடுவதில்லை. அதை நீங்களே செய்ய வேண்டும், அல்லது குறியீட்டெண்ணில் உள்ள பங்குகளையே வாங்கி வைத்து அதைத் தானாகச் செய்யும் குறியீட்டெண் ஃபண்டில் போட வேண்டும். அந்த வகை ஃபண்டுகளின் உண்மையான பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எதை அளப்பதில்லை என்பதை இந்த மலை நமக்கு ஒருமுறை கண் முன்னால் காட்டியது. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி, 13 சதவீதத்துக்கு மேல், சரிந்து 25,981இல் முடிந்தது. பத்து மாதம் கழித்து, 2021 ஜனவரி 21 அன்று, 50,000ஐத் தொட்டது. அந்தப் பத்து மாதத்தில் இங்கே என்ன நடந்தது? விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் மாதக்கணக்கில் ஓடவில்லை. கம்பம்மெட்டிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் சோதனைச் சாவடி அடைத்திருந்தது. கவாத்துக்கும் காய் எடுப்புக்கும் ஆள் இல்லை. கீழே வீட்டில் கூலி இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தியே அந்த நிதியாண்டில் சுருங்கியது. குறியீட்டெண் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. முப்பது பெரிய கம்பெனிகளின் வருங்கால லாபத்துக்கு முதலீட்டாளர்கள் கொடுக்கும் விலையைத்தான் அது சொன்னது, சரியாகவே சொன்னது. தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணின் கூலி அந்தத் தராசில் எந்த மூலையிலும் இல்லை. “சந்தை உச்சத்தில் இருக்கிறது, நாடு செழிக்கிறது” என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வெறிச்சோடிய ஜீப் நிறுத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

செய்தியில் வரும் சென்செக்ஸில் ஈவுத்தொகை, அதாவது லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கம்பெனி தரும் பணம், சேர்ந்திருப்பதில்லை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த ஈவுத்தொகையை மறுபடி முதலீடு செய்ததாக வைத்துக் கணக்கிடும் மொத்த வருவாய்க் குறியீட்டெண் தனியாக இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் செயல்பாட்டை அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரி முதல் விதித்திருக்கிறது. “எங்கள் ஃபண்டு சந்தையை வென்றது” என்று யாராவது காகிதம் நீட்டினால், எந்தக் குறியீட்டெண்ணை வென்றது என்று கேளுங்கள். உங்கள் நான்கு பங்குகளின் கணக்கிலும் இதுவரை வந்த ஈவுத்தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 3 லட்சம். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டது. அந்த வருட அக்டோபர் கடைசியில் 8,500 அளவில் முடிந்தது. ஜனவரியில் போட்ட 3 லட்சம் அக்டோபரில் 1 லட்சத்து 20 ஆயிரம் சொச்சம். பழைய உயரத்தை மறுபடி எட்ட 2010 நவம்பர் ஆனது. ஜப்பானின் நிக்கேய் குறியீட்டெண் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆனது. அங்கே காத்திருந்தவர்கள் 34 வருடம் காத்திருந்தார்கள். உங்கள் மகளுக்கு இருப்பது இரண்டு வருடம். கல்லூரியில் சேர்க்கை நாள் வரும்போது சென்செக்ஸ் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். 15 வருடம் தொடாமல் வைக்கக்கூடிய பணத்துக்குக் குறியீட்டெண் ஃபண்டு நல்ல இடம் என்று மனமாரச் சொல்வேன். மாதம் 1,000, 2,000 என்று உங்கள் சம்பளத்திலிருந்து அதில் போட்டு வாருங்கள். இந்தப் பணத்துக்கு அது இடமில்லை.

வங்கி வைப்புத்தொகையாகவோ அஞ்சலகத்தில் இரண்டு ஆண்டு வைப்பாகவோ போடுங்கள். வங்கி என்றால் ஒரே ரசீதாகப் போடாமல், முதல் வருடக் கட்டணம் கட்டும் மாதத்தில் ஒன்று, அடுத்த வருடம் ஒன்று என்று முதிர்வைப் பிரித்துக்கொண்டால் நடுவில் உடைக்க வேண்டி வராது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. உங்கள் தொகை அதற்குள் அடங்கிவிடும்.

நான்கு பங்குகளைப் பற்றி இப்போதே விற்றுவிடுங்கள் என்றோ வைத்திருங்கள் என்றோ சொல்ல என்னால் முடியாது. நீங்கள் வாங்கிய தேதியும் விலையும் கடிதத்தில் இல்லை. உங்கள் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் எடுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் வாங்கிய தேதி, வாங்கிய விலை, வந்த ஈவுத்தொகை, இன்றைய விலை. பக்கத்திலேயே அதே இரண்டு தேதிகளில் ஸ்மால்கேப் 250 குறியீட்டெண் எவ்வளவு இருந்தது என்று எழுதி, இரண்டுக்கும் சதவீதம் போடுங்கள். சிறிய கம்பெனிகள் எல்லாமே இறங்கியதால் உங்களுடையதும் இறங்கியதா, அல்லது மற்றவை நிற்கும்போது உங்களுடையது மட்டும் இறங்கியதா என்று அந்தப் பக்கம் காட்டிவிடும். இரண்டாவது வகையில் விழும் கம்பெனிகளின் பெயரோடும் கடைசி இரண்டு ஆண்டறிக்கைகளோடும் எனக்கு மறுபடி எழுதுங்கள். தேயிலைக் கம்பெனியையும் நகைக்கடன் நிறுவனத்தையும் முதலில் பாருங்கள்.